யுகக் கணக்கில் ஒரு நாள்

ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தத்தில் காலம் என்பது மனிதன் தன் வசதிக்காகக் கற்பித்துக் கொண்ட ஓர் ஏற்பாடு அன்று. அது ஒரு தத்துவம். சித்து, அசித்து, ஈச்வரன் என்று தத்துவங்களை மூன்றாக வகுத்த பிள்ளை லோகாசாரியர், தம்முடைய தத்வத்ரயத்தில் அசித்தையும் மூன்றாகப் பிரித்து, குணங்கள் ஏதும் கலவாத மூன்றாம் வகையாகக் காலத்தை வைத்தருளினார். ஆகவே காலத்தை அளப்பதும் எண்ணுவதும் சோதிடர்க்கு மாத்திரம் உரிய தொழில் அன்று. எம்பெருமான் ஸந்நிதியில் கைகூப்பி நிற்கும் ஒவ்வொருவர்க்கும் அதில் பங்கு உண்டு.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எந்த ஆராதனமானாலும் முதலில் ஸங்கல்பம். பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, சுவேத வராஹ கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், அதன் முதற்பாதம் என்று பெரியதிலிருந்து சிறியதாகக் காலத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, ஆண்டு, அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி, கிழமை, நக்ஷத்திரம் என்று அன்றைய தினத்தில் வந்து நிற்பது மரபு. அதன் பிறகே செய்யப்போகும் கைங்கரியத்தின் பெயர் வரும். கோடி கோடி ஆண்டுகளைச் சொல்லிய வாய், அடுத்த மூச்சில் ஒரு துளஸி தளத்தைச் சமர்ப்பிக்கப் போவதாகச் சொல்கிறது.

இங்கே சிந்திக்கும் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயற்கை. இத்தனை பெரிய எண்ணுக்கு முன்னால் ஒரு நாள் எம்மாத்திரம்? ஒரு மனிதன் அன்று செய்த நன்மையோ தீமையோ எம்மாத்திரம்? பெரிய எண் சிறிய செயலை விழுங்கிவிடுகிறதா, அல்லது தாங்கி நிற்கிறதா? இதற்கு விடை காண, முதலில் அந்த எண்ணையே சற்று உற்றுப் பார்ப்பது நலம்.

எண்ணின் அமைப்பு

ஒரு சதுர்யுகத்துக்கு 43,20,000 ஆண்டுகள். கிருதயுகத்துக்கு 17,28,000, திரேதைக்கு 12,96,000, துவாபரத்துக்கு 8,64,000, கலிக்கு 4,32,000. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில் இவை இறங்கி வருகின்றன. தேவர்களின் ஆண்டு 12,000. மானிட ஆண்டு ஒன்று தேவர்க்கு ஒரு நாள் ஆதலால், அதை 360ஆல் பெருக்க இந்த 43,20,000 கிடைக்கிறது. இப்படி ஆயிரம் சதுர்யுகங்கள் பிரம்மாவுக்கு ஒரு பகல். அதாவது 432 கோடி ஆண்டுகள். பகலும் இரவும் சேர்த்து, 360 நாள் கொண்ட நூறு ஆண்டுகளாக அவருடைய ஆயுளைக் கணக்கிட்டால், மூன்று கோடியே பதினொரு லட்சத்து நாலாயிரம் கோடி ஆண்டுகள் வரும். பதினைந்து இலக்கங்கள் கொண்ட எண் அது.

இவ்வளவு பெரிய எண், வாய்க்கு வந்தபடி சொல்லப்பட்டதோ என்றால், இல்லை. இரண்டை எட்டு முறையும், மூன்றை மூன்று முறையும், ஐந்தை நான்கு முறையும் வைத்துப் பெருக்கினால் சரியாக 43,20,000 வரும். இந்த மூன்று சிறிய பகா எண்களைத் தவிர வேறு எதுவும் இதற்குள் இல்லை. இந்த அமைப்பினால் இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கவல்ல எண்கள் 180 இருக்கின்றன. ஒன்று முதல் பத்து வரை எடுத்துக்கொண்டால், ஏழு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் இதை மிச்சமின்றி வகுக்கும். அறுபது ஆண்டுச் சுற்றுகள் இதில் சரியாக 72,000. நக்ஷத்திரங்கள் இருபத்தேழு, பாதம் நான்கு, ஆக 108. அந்த நூற்றெட்டின் ஆயிரம் மடங்கு, கலியின் ஒரு பாதமாகிய 1,08,000 ஆண்டுகள். வானவட்டத்தை 360 பாகைகளாகவும், பாகையை 60 கலைகளாகவும், கலையை 60 விகலைகளாகவும் பிரித்தால் வரும் 12,96,000 என்ற எண்ணே திரேதாயுகத்தின் ஆண்டுத் தொகையாகவும் இருக்கிறது.

பாரத தேசத்துக்கு வெளியிலும் இவ்வெண் தலைகாட்டியதுண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த பெரோஸஸ் என்னும் கோயில் பூசாரி, பெருவெள்ளத்துக்கு முன் ஆண்ட அரசர்களின் காலத்தை 4,32,000 ஆண்டுகள் என்று எழுதி வைத்தார். அறுபதை அறுபதால் பெருக்கி, அதை 120ஆல் பெருக்கினால் வருவது இதுவே. அறுபதைக் கொண்டு காலத்தையும் வானத்தையும் அளந்த பூமிகளில் இத்தகைய எண் தோன்றுவதில் வியப்பில்லை.

பெரிய எண் எதற்காக?

நம் தேசத்து ஜ்யோதிஷ ஆசாரியர்கள் இவ்வெண்ணைக் கையாண்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள் என்று கேட்டால் முழு எண்ணில் விடை வராது. 365 நாளுக்கு மேல் ஒரு சிறு பின்னம் ஒட்டிக்கொண்டே இருக்கும். சந்திரனுடைய சுற்றும் அப்படியே, குருவின் சுற்றும் அப்படியே. பின்னங்களோடு போராடுவதை விட, எல்லாக் கிரகங்களும் முழுச் சுற்றுகளாகச் சுற்றி முடிக்கும்படி ஒரு நீண்ட காலத்தை எடுத்துக்கொள்வது நேர்த்தியான வழி. அந்த நீண்ட காலமே சதுர்யுகம்.

கி.பி. 476ல் பிறந்த ஆரியபடர், கலி பிறந்து 3,600 ஆண்டுகள் நிறைந்தபோது, தம்முடைய 23ஆம் வயதில், ஆரியபடீயத்தை இயற்றினார். எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்து அவர் அமைத்த முறையில் 43,20,000 என்ற எண் இரண்டே அசைகளில் அடங்கிவிடுகிறது. அத்தனை ஆண்டுகளில் சந்திரன் 5,77,53,336 முறையும் குரு 3,64,224 முறையும் வானைச் சுற்றி வருவதாகவும், அதற்குள் 157,79,17,500 நாட்கள் கழிவதாகவும் அவர் கணக்கு. இந்த நாட்களை ஆண்டுகளால் வகுத்துச் சுருக்கினால், 576 ஆண்டுகளுக்கு 2,10,389 நாட்கள் என்று வந்து நிற்கும். அதாவது ஆண்டொன்றுக்கு 365 நாள், 15 நாழிகை, முப்பத்தொன்றே கால் விநாழிகை. விநாழிகையில் கால் பங்கைக் கூட விட மனமில்லாதவர்களே கோடிக்கணக்கான நாட்களை எண்ணினார்கள்! சிறியதைப் புறக்கணிப்பதற்காகப் பெரிய எண் வரவில்லை. சிறியதைச் சிறிதும் இழக்காமல் காப்பதற்காகவே வந்தது.

பங்கீட்டில் ஆசாரியர்களுக்குள் கருத்து வேற்றுமையும் இருந்தது. கல்பம் ஒன்றுக்கு ஆயிரம் சதுர்யுகம், மனுக்கள் பதினால்வர் என்பது புராண வழக்கு. ஆயிரத்தைப் பதினான்கால் வகுத்தால் மனுவுக்கு 71 போக 6 மிஞ்சும். ஏழு என்ற எண் இந்தக் கணக்குக்குள் இடம் பெறாததன் விளைவு அது. மிஞ்சிய ஆறு சதுர்யுகங்களைத் தள்ளிவிடாமல், ஒவ்வொன்றும் ஒரு கிருதயுக அளவுள்ள பதினைந்து ஸந்திகளாக மன்வந்தரங்களின் முன்னும் பின்னும் வைத்தது ஸூரிய ஸித்தாந்தம். கிருதயுகம் சதுர்யுகத்தில் பத்தில் நான்கு பங்கு. பதினைந்து தடவை பத்தில் நான்கு ஆறு. கணக்கு முட்டின்றி முடிகிறது. ஆரியபடரோ மனுவுக்கு 72 வைத்து, கல்பத்தை 1,008 சதுர்யுகமாக்கி, நான்கு யுகங்களையும் ஸமமாகவே பங்கிட்டார். ஸ்மிருதிக்கு இது ஒவ்வாது என்று கி.பி. 628ல் பிரம்மகுப்தர் தம் நூலில் கண்டித்தார். ஆயினும் 43,20,000 என்ற மொத்தத் தொகையில் இருவருக்கும் பேதம் இல்லை. மிச்சத்தைக் கணக்கின்றி விட்டவரும் எவரும் இல்லை.

மிகையாகப் புகழ்வது தகாது

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று தற்கால விஞ்ஞானிகள் பழைய கற்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். கல்பமோ 432 கோடி. இரண்டும் அருகருகே இருப்பதைக் கண்டு, சாஸ்திரம் அன்றே சொல்லிவிட்டது என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. ஆனால் 432 கோடி என்பது கல்பத்தின் முழு அளவு. அதில் இதுவரை கழிந்ததோ, முன் சொன்ன ஸந்திகளையும் கூட்டினால், 197 கோடியே 29 லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேல். பிரபஞ்சத்தின் வயதாக விஞ்ஞானிகள் சொல்லும் சுமார் 1,380 கோடியோடும் இது பொருந்தாது. ஒன்றின் முழு அளவை மற்றொன்றின் கழிந்த அளவோடு ஒப்பிட்டு மகிழ்வது கணக்கும் ஆகாது, பக்தியும் ஆகாது. ஸத்தியத்தையே திருமேனியாக உடைய எம்பெருமானுக்குத் தவறான கூட்டலால் பெருமை சேர்க்க வேண்டிய நிலை ஒருநாளும் வராது.

ஒன்றைக் கழித்தால்

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். 43,20,000 என்ற எண்ணை 180 எண்கள் மீதியின்றி வகுக்கும் என்று கண்டோம். அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் 43,19,999. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு மூட்டை நெல்லில் ஒரு மணி குறைந்ததை யார் அறிவார்? ஆனால் முன்பு வகுத்த அந்த 180 எண்களுள், ஒன்று என்ற எண்ணைத் தவிர, ஏதாவது ஒன்றேனும் இப்போது இதை மீதியின்றி வகுக்குமா என்று பார்த்தால், வகுக்காது. இரண்டு வகுக்காது, மூன்று வகுக்காது, ஐந்து வகுக்காது, அறுபதும் நூற்றெட்டும் வகுக்கா. அடுத்தடுத்து நிற்கும் எந்த இரு எண்களுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுவான வகுத்தி இராது என்பது கணிதத்தின் நியதி. ஒன்று குறைந்ததால் தொகை சிறிதும் மெலிந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் அதன் ஒழுங்கு முழுவதும் போய்விட்டது.

ஒன்றைக் கூட்டினாலும் இயல்பு மாறும். கிருதயுகத்தின் 17,28,000 என்பது 120ஐ மும்முறை வைத்துப் பெருக்கிய கன எண். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு 1,728. இது பன்னிரண்டின் கனம். அதனோடு ஒன்றைக் கூட்டினால் 1,729. கும்பகோணம் ஸாரங்கபாணி ஸந்நிதித் தெருவில் வளர்ந்து, நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அளவற்ற பக்தி பூண்டிருந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் (1887-1920), இங்கிலாந்தில் நோயுற்றுக் கிடந்தபோது, பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி தாம் ஏறிவந்த டாக்ஸியின் எண் 1,729 என்றும், அது சுவையற்ற எண்ணாகப் பட்டதென்றும் கூறினார். இரண்டு கனங்களின் கூட்டாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று ராமாநுஜன் உடனே விடை சொன்னார். பன்னிரண்டின் கனத்தோடு ஒன்றின் கனம். பத்தின் கனத்தோடு ஒன்பதின் கனம். முதல் வழியில் அந்த எண்ணுக்குச் சிறப்புத் தந்தது கடைசியில் வந்து சேர்ந்த அந்த ஒன்று!

மனிதன் செய்யும் செயலும் இத்தகையதே. மஞ்சூரைச் சுற்றிய சரிவுகளில் தேயிலை பறிக்கும் தாய்மார்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளியே கூடையை நிரப்புகிறார்கள். நாலு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். லாரி லாரியாகப் போகும் கொழுந்தில் மூட்டைக்கு ஒரு கிலோ குறைத்து எழுதினால் என்ன என்று எடை போடுகிறவன் நினைக்கலாம். ஒரு குவளை நீரைத் தெளித்து எடை கூட்டினால் என்ன என்று விற்கிறவனும் நினைக்கலாம். இருவரும் பெரிய தொகையின் நிழலில் ஒளிந்துகொள்கிறார்கள். அந்த ஒரு கிலோ, ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பில் ஒரு பங்கு. தொகையில் அது தெரியாது போனாலும், தொகையின் நேர்மை அதனால் அழிந்தது. பாவம் என்பது பெரும்பாலும் பெரிய உருவத்தோடு வருவதில்லை. இவ்வளவில் இது ஒன்றுதானே என்ற சொல்லோடுதான் அது உள்ளே நுழைகிறது.

அனந்தத்தில் ஒன்று

இங்கே ஒரு வலிய ஆக்ஷேபம் உண்டு, அதை மறைக்கலாகாது. எல்லையுள்ள எண்ணில் ஒன்று குறைந்தால் குறை தெரியும், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஜீவர்கள் எண்ணிலிகள் என்றல்லவா நம் ஆசாரியர்கள் கூறுகிறார்கள்? எண்ணற்றதிலிருந்து ஒன்றை எடுத்தாலும் எண்ணற்றதே மிஞ்சும். ஒன்றைச் சேர்த்தாலும் அதுவே. அப்படியானால் அனந்தனாகிய ஸ்ரீமந் நாராயணனுக்கு, அணுவளவான ஒரு ஜீவன் வந்து சேர்வதால் வரவு என்ன, சேராது போவதால் இழப்பு என்ன?

எண்ணும் சாஸ்திரம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. உறவு பேசத் தொடங்குகிறது. ஜீவனுக்கு மதிப்பு, தொகையில் அவன் ஒரு பகுதி என்பதால் வந்ததன்று. அவன் சேஷன், எம்பெருமான் சேஷி என்ற ஸம்பந்தத்தால் வந்தது. உடைமை ஒன்று காணாமற்போனால், தேடிப் போவது உடையவனுக்கே உரிய காரியம். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற தாய், ஒரு பிள்ளை பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாவிட்டால், ஒன்பது பேர் இருக்கிறார்களே என்று உலைவைத்துச் சாப்பிட உட்கார மாட்டாள். அவளுக்கு எண்ணத் தெரியாமல் அல்ல. பிள்ளைகளை அவள் தொகையாகப் பார்ப்பதில்லை. பிராட்டி புருஷகாரம் செய்து, ஒரு சேதனனுக்காகத் திருமார்பில் இருந்து பரிந்து பேசுகிறாள் என்று பூர்வாசாரியர்கள் கூறியதன் உட்கருத்தும் இதுவே. எல்லையுள்ள எண்ணில் ஒன்றை இழக்கலாகாது என்று கணிதம் காட்டியது. எல்லையற்றதிலும் ஒன்றை இழக்கலாகாது என்று தயை காட்டுகிறது.

கலியும் ஒரு நாளும்

கலியுகம் முடிய இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. கழிந்தது நூறில் ஒன்றேகால் பங்கு கூட இல்லை. ஆகவே தர்மம் மேலும் தேயத்தான் போகிறது, ஒருவன் ஒழுங்காக இருந்து என்ன பயன் என்று சோர்ந்து பேசுவோர் பலர். கலி காலம் என்ற ஒரு சொல், எத்தனையோ தவறுகளுக்குப் போர்வையாகிவிட்டது.

ஸ்ரீவிஷ்ணு புராணம் இதற்கு நேர்மாறாகக் கணக்குச் சொல்கிறது. கிருதயுகத்தில் பத்து ஆண்டுகள் முயன்று பெறும் பயனைத் திரேதையில் ஓர் ஆண்டிலும், துவாபரத்தில் ஒரு மாதத்திலும், கலியில் ஒரே நாளிலும் பெறலாம் என்று வியாஸ பகவான் முனிவர்களுக்கு அருளியதாக அந்நூல் கூறுகிறது. 360 நாள் ஓர் ஆண்டு என்று கொண்டால், 3,600 நாள், 360 நாள், 30 நாள், ஒரு நாள் என்று அந்த வரிசை இறங்குகிறது. யுகத்தின் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒரு நாளின் பெறுமதியோ 3,600 மடங்காக உயர்ந்தது! இப்படிப்பட்ட யுகத்தில் பிறந்தவன் ஒரு நாளை வீணாக்குவது, கிருதயுகத்தார் பத்து ஆண்டுகளை வீணாக்குவதற்கு ஒப்பாகும்.

கட்வாங்க ராஜனுடைய சரித்திரம் இதனை விளக்கும். தேவர்களுக்குத் துணையாகப் போர் புரிந்து நின்ற அம்மன்னன், தனக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று அவர்களைக் கேட்டான். ஒரு முகூர்த்தமே மிச்சம் என்று தெரிந்தது. ஒரு முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை. கடிகாரக் கணக்கில் 48 நிமிஷம். ஆரியபடர் கணக்குப்படி ஒரு சதுர்யுகத்தில் இத்தகைய முகூர்த்தங்கள் 4,733 கோடியே 75 லட்சத்து 25 ஆயிரம். அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் அவனிடம் இருந்தது. இனி என்ன செய்ய முடியும் என்று அவன் கைசோரவில்லை. பூலோகம் திரும்பி, மற்ற அனைத்தையும் விட்டு, பகவானிடத்தில் நெஞ்சை வைத்து, அந்த ஒரு முகூர்த்தத்துக்குள் பெறவேண்டிய பேற்றைப் பெற்றான்.

ஆகவே, ஸங்கல்பத்தில் கோடி ஆண்டுகளைச் சொல்வது மனிதனைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. அவனுடைய அகந்தையை அடக்கி, அவனுடைய நாளை உயர்த்துவதற்காக. பிரம்மாவின் ஆயுளில் தொடங்கிய அந்த வாக்கியம் பிரம்மாவில் முடிவதில்லை. இன்றைய திதியில், இன்றைய நக்ஷத்திரத்தில், இந்தக் கையால் செய்யப்போகும் இந்தச் செயலில் வந்து முடிகிறது. மலைமேல் கூடும் இந்தத் திருவிழா நாளும் 157 கோடிக்கு மேற்பட்ட நாட்களுள் ஒன்றே. வடம் பிடிக்கும் கை, மடைப்பள்ளியில் விறகு தள்ளும் கை, வந்தவர்க்கு இலை போடும் கை, தராசைப் பொய்யின்றிப் பிடிக்கும் கை ஆகிய அனைத்தும் அந்த ஒன்றை நிறைவாக்கட்டும். அவ்வாறு நிறைவாக்க, அனைவர்க்கும் எம்பெருமானும் பிராட்டியும் திருவருள் புரிவார்களாக.

சுபம்.